ஒரு கரகரப்பின் வரலாறு

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோது, மெஸ் சாம்பாரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சாம்பாருக்கு எனக்கு முன்னாலேயே பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்களாம். "வரலாற்றுக் கட்டுரை ஒண்ணுகூட வரலைப்பா, அந்தப் பக்கமா ஏதாவது கொடு" என்றார் குழுவில் இருக்கும் சீனியர். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்கு என்ன வரலாறு தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கரகரப்புச் சத்தத்தின் வரலாறு. 2009 கல்ச்சுரல்ஸில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எந்தச் சத்தம் என்று இந்நேரம் புரிந்திருக்கும்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். மீன்சுருட்டி. திருச்சி - சிதம்பரம் சாலையும் சென்னை - கும்பகோணம் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். கங்கைகொண்ட சோழபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊர். ராஜேந்திர சோழன் தலைநகர் வைத்த மண்ணுக்காரன் என்றால் ஹாஸ்டலில் ஒரு மரியாதை இருக்கும் என்று எண்ணி வந்தேன். "மீனை எதுலடா சுருட்டுவீங்க?" என்றுதான் கேட்டார்கள். மாவட்டமும் எங்களுக்கு நிலையாக இருந்ததில்லை. நான் பிறந்தபோது திருச்சி மாவட்டம்; 1995-இல் பெரம்பலூர்; 2001-இல் அரியலூர்; 2002-இல் திரும்பவும் பெரம்பலூர்; 2007 நவம்பரில் மறுபடி அரியலூர். 2006-இல் அட்மிஷன் படிவத்தில் பெரம்பலூர் என்று எழுதிச் சேர்ந்து, 2010-இல் அரியலூர்க்காரனாக வெளியே வந்தேன். வீடு என்னவோ ஓர் அடிகூட நகரவில்லை.

கடைத்தெருவில் என் பெரியப்பா ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். வால்வு ரேடியோவில் தொழில் பழகி, டிரான்சிஸ்டர், டேப் ரிக்கார்டர், டிவி என்று வந்து, கடைசியில் டிவிடி பிளேயர் வரை பார்த்தவர். டிகிரி கிடையாது. ஈயம் வைக்க எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். இந்தக் கதையில் அவர் வருவார்.

நம் நண்பன் ஒருவனிடம் எலெக்ட்ரிக் கிடார் இருந்தது. பெயர் வேண்டாம், மெக்கானிக்கல் பிரிவு, மூன்றாவது மாடி என்றால் எங்கள் செட்டுக்குப் போதும். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ராக் பாட்டு வாசிக்க வேண்டுமானால் அந்த 'கர்ர்ர்' என்ற சத்தம் வேண்டுமே. அதற்குக் காலால் மிதிக்கிற ஒரு பெட்டி தேவை. கடையில் கேட்டால் ஆயிரக்கணக்கில் விலை சொன்னார்கள். "நான் செஞ்சு தர்றேண்டா" என்று நான் முன்னால் போய் நின்றேன். இரண்டு பிசி 547 டிரான்சிஸ்டர், நாலைந்து ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி, பிளாஸ்டிக் சோப்பு டப்பா. ரூமில் சின்ன ஆம்ப்ளிஃபையரில், குட்டை ஒயரில் வாசித்தபோது பிரமாதமாக இருந்தது. மூன்று நாள் தரை தொடாமல் நடந்தேன்.

கல்ச்சுரல்ஸ் மேடை வேறு மாதிரி. பெரிய ஆம்ப், ஆறு மீட்டர் நீள ஒயர். அவன் பெடலை மிதித்ததும் முதலில் 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பிறகு 'கொரகொர'. பிறகு, வாசிப்பதை அவன் நிறுத்திய அந்த ஒரு நொடியில், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி ஒரு பெண்குரல், நாற்று விடுவதற்கு முன் விதை நேர்த்தி செய்வது எப்படி என்று நிதானமாக விளக்க ஆரம்பித்தது. திருச்சி வானொலி! கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நான் ஓடிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

மேடைக்குப் பின்னால் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "எதுனாலடா?" நான் தயங்காமல் சொன்னேன்: "உன் கிடார்தான். சிங்கிள் காயில் பிக்கப். அது ஏரியல் மாதிரி எல்லாத்தையும் இழுக்குது. பெட்டியில ஒண்ணும் இல்லை." நான் எலெக்ட்ரானிக்ஸ், அவன் மெக்கானிக்கல். நம்பிவிட்டான். அந்த மாதமே கிடாரை ஒரு ஜூனியருக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டான்.

இனி வரலாறு. அந்தப் பெட்டியின் பூர்வீகமே ஒரு பழுதுதான். 1960-இல் அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் பாட்டுப் பதிவு. கிரேடி மார்ட்டின் என்பவர் ஆறு தந்தி பேஸ் கிடார் வாசிக்கிறார். அவருடைய சத்தம் போய்ச் சேர்ந்த மிக்ஸிங் கன்சோலின் சேனலில் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப் போக, கிடார் கிழிந்த துணி மாதிரி கரகரக்கிறது. நியாயமாகப் பார்த்தால் பதிவை நிறுத்தி, சேனலை மாற்றி, மறுபடி எடுத்திருக்க வேண்டும். அவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். 1961-இல் 'டோன்ட் வொரி' என்ற அந்தப் பாட்டு வெளிவந்து ஹிட் ஆனது. 'அந்தச் சத்தம் எங்களுக்கும் வேண்டும்' என்று மற்றவர்கள் வந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

இங்கேதான் நம் ஜாதிக்காரர் ஒருவர் வருகிறார். இன்ஜினியர் ஜாதியைச் சொல்கிறேன். அன்றைய பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி. கெட்டுப் போன டிரான்ஸ்ஃபார்மரை எத்தனை நாளைக்கு வைத்துக்கொண்டு ஓட்ட முடியும்? அந்தப் பழுது என்னதான் செய்கிறது என்று யோசித்தார். அலையின் தலையையும் காலையும் வெட்டித் தட்டையாக்குகிறது. வெட்டுப்பட்ட அலையில் மேல்சுருதிகள் ஏராளமாகக் கிளம்புகின்றன. அதையே டிரான்சிஸ்டரை வைத்து வேண்டுமென்றே செய்யலாம் என்று ரெவிஸ் ஹாப்ஸ் என்ற இன்னொரு பொறியாளரோடு சேர்ந்து ஒரு சர்க்யூட் போட்டார். கிப்சன் கம்பெனி அதை வாங்கி, 1962-இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. உள்ளே மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், இரண்டு டார்ச் லைட் செல். முதலில் கடைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி வைத்தார்கள், பிறகு வாங்க ஆள் இல்லாமல் தூசு படிந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், பிற்பாடு பித்தளை ஊதுகருவிகள் வாசிக்க வேண்டிய ஒரு மெட்டை, அடையாளத்துக்காக அந்தப் பெட்டி வழியாகக் கிடாரில் வாசித்து வைத்தார். அடையாளத்துக்கு வைத்ததே பாட்டில் நிலைத்துவிட்டது. 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டு உலகமெல்லாம் ஒலித்தது. கடையில் தூங்கிய பெட்டிகள் தீர்ந்து போயின.

அடுத்த வருடம், 1966-இல், லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி வட்ட வடிவில் 'ஃபஸ் ஃபேஸ்' என்ற பெட்டியைக் கொண்டு வந்தது. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடியில் கிடந்தது அதுதான். இரண்டே டிரான்சிஸ்டர். ஹாஸ்டலில் நான் காப்பியடித்ததும் இதைத்தான். முதலில் ஜெர்மானியத்தில் செய்தார்கள். சிலதில் ஏசி 128. சில வருடங்களில் சிலிக்கானுக்கு மாறினார்கள். பிசி 108 போட்டதும் உண்டு. இந்த நம்பர்களைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டும் பெரியப்பாவின் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடந்தவை! பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இவற்றைச் செய்து நாடு முழுக்க அனுப்பிய காலம் ஒன்று உண்டு. ஹென்ட்ரிக்ஸை அலற வைத்த அதே நம்பர் டிரான்சிஸ்டர்தான் ஜெயங்கொண்டத்து டீக்கடை ரேடியோவில் பாட்டுப் பாடியது.

ஏன் சிலிக்கானுக்கு மாறினார்கள் என்பதற்கு பெரியப்பா சொன்ன விளக்கத்தை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. "சித்திரை வெயில்ல அந்தப் பழைய செட்டுங்க மதியத்துல குரல் கம்மிப்போகும். சாயங்காலம் தானா சரியாயிடும். நான் பிரிச்சுப் பாக்காமயே, வெயில் தாழ வாங்கன்னு அனுப்பிடுவேன்." ஜெர்மானியத்தில் பத்து டிகிரி ஏறினால் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அரியலூர் வெயிலுக்கு அது தாங்காது. சிலிக்கான் தாங்கும். ஆனால் சிலிக்கானுக்கு வேறொரு குணம் உண்டு. ஏசி 128 ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸிலேயே சோர்ந்துவிடுகிற ரகம்; சிலிக்கான் டிரான்சிஸ்டருக்கு நூறு மெகாஹெர்ட்ஸ் எல்லாம் சாதாரணம். அதாவது வானொலி அலை வந்தாலும் 'வாங்க வாங்க' என்று உள்ளே விட்டுவிடும். என் சோப்பு டப்பாவுக்கு நேர்ந்தது இதுதான். என் மனத்தைத் தேற்றிக்கொள்ள ஒரு செய்தி: 1970 ஆகஸ்ட் 31 விடியற்காலையில், ஐல் ஆஃப் வைட் தீவில் லட்சக்கணக்கானோர் முன்னால் ஹென்ட்ரிக்ஸ் வாசித்தபோது, காவலர்களின் வாக்கி டாக்கிப் பேச்சு அவருடைய ஆம்ப் வழியாகக் கேட்டது. அவருக்கே அப்படி.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று தம்பி தங்கையர் நினைத்துவிடக் கூடாது. சுத்தமான நாதத்தில் கொஞ்சம் கரகரப்பு வேண்டும் என்று நம்மவர்கள் என்றைக்கோ முடிவு செய்துவிட்டார்கள். தம்புராவைக் கவனித்துப் பாருங்கள். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு பருத்தி நூல் இருக்கும். ஜீவா என்பார்கள். அந்த நூல் சரியான இடத்தில் நின்றால்தான் தந்தி குதிரையைத் தொட்டும் தொடாமலும் அதிர்ந்து அந்த 'ஙொய்ங்' என்ற ரீங்காரம் வரும். நூலை எடுத்துவிட்டால் தம்புரா ஊமை மாதிரி ஆகிவிடும். மிருதங்கத்தின் வலந்தலையில் தோல்களுக்கு நடுவே சின்னச் சின்னக் குச்சித் துண்டுகளைச் செருகினால் குச்சி மிருதங்கம், கல் துணுக்குகளை வைத்தால் கப்பி மிருதங்கம். எதற்கு? தட்டும்போது அந்த லேசான கரகரப்புக்காக. எலெக்ட்ரானிக்ஸ்காரன் பார்வையில் இவை எல்லாமே மேல்சுருதிகளைக் கிளப்பிவிடும் ஏற்பாடுகள்தான்.

மின்சாரத்தை ராகத்துக்குள் கொண்டு வந்தவரையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 1969-இல் பாலகொல்லில் பிறந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ். சாதாரண மாண்டலினில் மீட்டியவுடன் நாதம் செத்துவிடும். கமகம் வைக்க நேரமே கிடைக்காது. அவர் ஜோடித் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்து தந்தி மின் மாண்டலினில் நாதத்தை நீட்டி, வாய்ப்பாட்டு மாதிரி வாசித்தார். 1978-இல் குடிவாடாவில் அரங்கேறியபோது ஒன்பது வயது. 2014-இல் மறைந்தபோது நாற்பத்தைந்துதான். அவருக்கு வேண்டியிருந்தது நீட்சி, கரகரப்பு அல்ல. ஆனால் நீட்ட வேண்டுமென்றால் பெருக்க வேண்டும், பெருக்கினால் வேண்டாத சத்தமும் சேர்ந்தே பெருகும். மின் கருவி வாசிக்கிற யாருக்கும் இந்தத் தலைவலி உண்டு.

அந்தத் தலைவலியோடுதான் 2009 மே விடுமுறையில் சோப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பெரியப்பா கடைக்குப் போனேன். அவர் மீட்டரைத் தொடவில்லை. "உம்ங்குதா, உஸ்ஸுங்குதா, கொரகொரங்குதா?" என்று கேட்டார். மூன்றும் வருகிறது பெரியப்பா என்றேன். "அப்ப மூணு வியாதி. ஒவ்வொண்ணா பாப்போம்."

'உம்' என்பது 50 ஹெர்ட்ஸ், நம் வீட்டு மின்சாரத்தின் குரல். டியூப்லைட் சோக்கிலிருந்தும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் கிளம்பி, கம்பிச் சுருள் கண்ட இடமெல்லாம் புகுந்துகொள்ளும். கிடார் பிக்கப்பும் கம்பிச் சுருள்தானே. இதற்கு கிப்சன் கம்பெனியின் சேத் லவர் 1955-இல் ஒரு வழி கண்டார். ஒன்றுக்குப் பதில் இரண்டு சுருள். ஒன்றின் சுற்றும் காந்தமும் மற்றதற்கு எதிர்த்திசை. வெளியிலிருந்து வரும் 'உம்' இரண்டிலும் எதிரெதிராக நின்று ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். தந்தியின் சத்தம் மட்டும் கூடிக்கொள்ளும். ஹம்பக்கர் என்று பெயர். நண்பன் கிடாரில் ஹம்பக்கர் இல்லை என்பது உண்மை. கிடாரும் கொஞ்சம் 'உம்' என்றிருக்கும். மேடைக்குப் பின்னால் நான் சொன்ன பொய்யில் அவ்வளவு நிஜம் இருந்தது. அதனால்தான் அது எடுபட்டது.

'உஸ்' வேறு ரகம். அதை முழுசாக ஒழிக்க யாராலும் முடியாது. 1928-இல் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்து காட்டினார், நைக்விஸ்ட் கணக்குப் போட்டு விளக்கினார்: எந்த ரெசிஸ்டராக இருந்தாலும், அதற்குள் சூடு இருக்கிற வரை எலெக்ட்ரான்கள் சும்மா இருக்காது, முனைகளில் ஓர் இரைச்சல் இருந்தே தீரும். காது கேட்கும் எல்லைக்குள் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் சுமார் 18 மைக்ரோ வோல்ட் இரையும். 10 கிலோ ஓம் இரண்டு மைக்ரோ வோல்ட்கூட இரையாது. ஒன்றும் கேட்காத அளவுதான். ஆனால் பின்னால் நூற்றுக்கணக்கான மடங்கு பெருக்குகிற ஃபஸ் இருக்கும்போது வாசலில் பெரிய ரெசிஸ்டரை வைத்தால் அருவி மாதிரி கொட்டும். லேபில் கையில் கிடைத்தது என்று நான் வாசலில் தொடராகச் செருகியிருந்தது 1 மெகா. பெரியப்பாவுக்கு ஜான்சனும் தெரியாது, நைக்விஸ்டும் தெரியாது. "வாசல்ல எதுக்குடா இவ்வளவு பெருசு?" என்று கேட்டு அதைப் பிடுங்கிப் போட்டார்.

'கொரகொர'வுக்கு ஒரு தீக்குச்சியை எடுத்து, ஒவ்வொரு பற்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஜாக்கின் கிரவுண்ட் ஒயரைத் தட்டியதும் ஸ்பீக்கர் கத்தியது. டிரை சோல்டர். பார்த்தால் ஒட்டினது போல இருக்கும், ஒட்டியிருக்காது. அவர் கற்றுக் கொடுத்த வேலையை நான் அவசரத்தில் செய்த லட்சணம். என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது அந்தப் பெண்குரல். பொழுது சாயட்டும் என்றார். சாயங்காலம், கிடார் எதுவும் இல்லாமல், வெறும் நீள ஒயரை மட்டும் பெட்டியில் செருகி, கடையிலிருந்த மைக்செட் ஆம்ப்பில் மாட்டினார். கொசு பாடுவது மாதிரி மெல்லிசாகத் திருச்சி வந்தது! 1939 மே 16-இல் தொடங்கிய நிலையம். மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். இவ்வளவு தூரத்திலேயே வருகிறதென்றால் நம் அரங்கத்தில் வந்ததைக் கேட்பானேன். பெரியப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா இந்த ஸ்டேஷனைக் கேட்டுத்தாண்டா ரேடியோ நெல்லு போட்டாரு." டெல்டாப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். 1960-களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லை, திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி வழியாகக் கேள்விப்பட்டுத்தான் குடியானவர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். பெயரே ரேடியோ நெல் என்று ஆகிவிட்டது. எங்கள் தாத்தா காத்திருந்து கேட்ட குரலைத்தான் நான் பிளக்கைப் பிடுங்கி நிறுத்தியிருக்கிறேன்.

வைத்தியம் சின்னது. வாசலில் அந்த 1 மெகா இருந்த இடத்தில் 10 கிலோ ஓம். டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 220 பைக்கோ ஃபாரட் கெப்பாசிட்டர். கணக்குப் போட்டால் சுமார் 72 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இறங்க ஆரம்பிக்கும். 936-இல் பதின்மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். கிடாருக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. உள்ளே நான் போட்டிருந்த காலிங் பெல் ஒயரை எடுத்துவிட்டு ஷீல்டு ஒயர். சோப்பு டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு தகர பிஸ்கட் டப்பா; டப்பாவையே கிரவுண்டோடு சேர்த்து ஒரு பற்று. மறுபடி நீள ஒயரைச் செருகினோம். ஒன்றும் வரவில்லை. மெல்லிய 'உஸ்' மட்டும், ஜான்சன் சொன்னபடி.

கிடார் இல்லாமலே வந்த குரல்! அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜூனில் கல்லூரி திறந்ததும் அவனிடம் சொல்லியிருக்கலாம். கிடாரும் அப்போது அதே ஹாஸ்டலில்தான் இருந்தது. சொல்லவில்லை. முதலில் வெட்கம், அப்புறம் செமஸ்டர், அப்புறம் கேம்பஸ் இண்டர்வியூ. பிறகு அவன் ஒரு நாடு, நான் ஒரு ஊர். ஒவ்வொரு தடவை போனில் பேசும்போதும் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடும். பெரியப்பா இப்போது இல்லை. டப்பா என்னிடம் இருக்கிறது.

இந்தக் கட்டுரையை மலர்க்குழுவுக்கு அனுப்பும் முன் அவனுக்குப் போன் செய்து முழுசாகப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை; லைன் கட்டாகிவிட்டதோ என்று 'ஹலோ ஹலோ' என்றேன். "இருக்கேன்" என்றான். "கிடார் போனது போகட்டும்டா. அந்தம்மா ஒரு கிலோ விதைக்கு எத்தனை கிராம் மருந்துன்னு சொல்ல வந்தாங்க. அதுக்குள்ள பிளக்கைப் புடுங்கிட்டியே."

சந்திப்புக்கு அவன் வருகிறான். நான் பிஸ்கட் டப்பாவையும் புது 9 வோல்ட் பேட்டரியையும் கொண்டு வருகிறேன். 2009 ஏப்ரலில் அவனிடம் கிடார் வாங்கிய ஜூனியர் தம்பி இதைப் படித்தால், கிடார் இன்னும் கையில் இருந்தால், தயவுசெய்து எடுத்துக்கொண்டு வரவும். ஒரு மாலைக்கு மட்டும் போதும்.